செவ்வாய்க்கிழமை அழுகை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலிருந்து லகாட் போகும் பஸ்ஸில், மகனைப் பறிகொடுத்த ஒரு மாமியாரும் அவர் மருமகளும் என் முன் சீட்டில் பேசியது இது.

"என் மகன அந்த ஆஸ்பத்திரிப் பொம்பளைக்குத் தூக்கிக் குடுத்துட்டியா?" என்றார் மாமியார்.

"துக்கத்தப் பேசி ஆத்திக்கத்தானே அத்தே செவ்வாய்க்கிழமை போறேன்."

"வீட்ல கல்லு மாதிரி இருக்கே. அவகிட்ட மட்டும் அழறே. அவளா பெத்தா?"

"உங்க முன்னால அழுதா நீங்க ஒடஞ்சி போவீங்கன்னு பயம்லா."

"அப்படி என்னதான் சொல்றா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 'அப்புறம்?'னு கேப்பாங்க, அவ்வளவுதான்."

"இது ஒரு வேலையா!" மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஓடும் ரப்பர் மரங்களைப் பார்த்தபடி, "சின்னதுல ரப்பர்ப் பால பசும்பாலுன்னு நக்கி, வாய் ஒட்டிக்கிட்டு நின்னான். அது அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்கே தெரியாதே அத்தே."

"ஒனக்கு எப்படித் தெரியும்? எனக்கு மட்டுந்தான் தெரியும்." சொல்லும்போதே குரல் உடைந்தது.

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் அத்தே?"

கடைசியில் எழுதி முடித்தது: தைப்பூசத்துக்கு மறுநாள், 1984.