ஐசியில் ஐம்பத்தைந்து

— நல்லா அமுக்கு, அம்சவல்லி. என் கை ஒண்ணும் ஒடைஞ்சு போயிடாது.

— அமுக்கிட்டுதான் இருக்கேன், டிரசரய்யா.

— இவ்வளவுதானா? சரி, விடு. பிரசரும் ஏறிக் கெடக்கு. லயத்துலேர்ந்து இந்த ஆஸ்பத்திரி மேட்டுக்கு வர்றதுக்குள்ள எத்தன எடத்துல உக்காந்தே?

— மூணு எடம்.

— இந்த லச்சணத்துல, இவ இன்னும் வேலைக்கு ஆவான்னு தோட்டத்துத் துரைக்கு நான் கடுதாசி எழுதணுமா?

— ஐசி அடையாளக் கார்டுலதான்யா அம்பத்தஞ்சு. நெசமா எனக்கு அம்பதுதான். இன்னும் அஞ்சு வருசம் கொழுந்து எடுக்கலாம் லா.

— ஐசிய விடு. ஒடம்பு என்ன சொல்லுது? தலை பூரா நரை, கண்ணுல பொரை, கையில பலமில்ல. யாரு பாத்தாலும் அறுபத்தஞ்சும்பாங்க.

— போன தீவாளி வரைக்கும் கொழுந்து எடுக்கற நெரையில நாந்தான் மொத ஆளு. பக்கத்து நெரை சரோஜாவக் கேட்டுப் பாருங்க.

— அப்புறம் என்ன ஆச்சு?

— ஆபீஸ் கிராணி கூப்பிட்டு, ஜூன் மாசத்தோட நின்னுக்கோ, லயத்து வீட்டையும் காலி பண்ணிடுன்னாரு. அன்னியிலேர்ந்து தூக்கமில்ல. சோறு எறங்கல. எந்திரிச்சா காலு நடுங்குது.

— அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. மனசு விட்டுப்போனா ஒடம்பு முந்திக்கிட்டு கெழடாயிடுது. எத்தன பேரப் பாத்துட்டேன். தங்கையா வேலைய விட்டு நின்னான், ஒரே வருசத்துல பத்து வயசு கூடிப் போச்சு.

— அதான்யா பயமா இருக்கு. மகன் கம்போங் ராஜாவுல காய்கறித் தோட்டத்துல கூலி. அவன் கொட்டாயில எனக்குப் படுக்க எடமில்ல.

— எனக்கும் அலுத்துப்போச்சு. அறுபத்தொண்ணு ஆவுது. துரை விடமாட்டேங்கறாரு.

— ஒங்களுக்கு நீட்டிக் குடுக்கறாரு. எனக்குத்தான் இல்ல.

— நான் பாட்டுக்கு அம்பதுன்னு எழுதினா துரை ஆதாரம் கேப்பாரு. பொறந்த பத்திரம் இருக்கா?

— எங்கய்யா இருக்கு? சப்பான்காரன் காலத்துல எல்லாம் எரிஞ்சுபோச்சு. வேலைப் புத்தகத்துல எழுதியிருந்த வயசப் பாத்துத்தான் ஐசி போட்டாங்க.

— அப்ப, ஒன் வயசக் கூட்டி எழுதின ஆளத் தேடு. அவரு வந்து, தப்பா எழுதிட்டேன்னு ஒத்துக்கட்டும். நான் கையெழுத்துப் போடறேன்.

— ஒத்துக்குவாரான்னு தெரியல.

— உசிரோட இருக்காரா?

— இருக்காரு. அப்பா சயாம் ரயில் போடப் போயி திரும்பல. எம் பேரு வேலைப் புத்தகத்துல ஏறினாதான் வீட்ல அரிசின்னு அம்மா அழுதுச்சு. பதினொரு வயசுப் புள்ளைய நிக்க வெச்சுப் பாத்து, எரக்கப்பட்டு, பதினாறுன்னு எழுதினது நீங்கதான், டிரசரய்யா.