ஓரத்து வரிசை

— டீ அப்புறம் மாமா. மொதல்ல இந்தப் பசுமைக்குடில்ல என் தக்காளி நாத்தைத் தொட்டது யாருன்னு சொல்லுங்க.

— என்னம்மாடி, வந்ததும் வராததுமா மாமனாரைக் கூண்டுல ஏத்தறே? எலி கிலி வந்திருக்கும்.

— எலி கடிக்கும். தடவிக் கொடுக்காது.

— தடவினாதான் என்ன? செடிக்கு என்ன தெரியப் போகுது?

— எல்லாம் தெரியும். மேல ஏதாவது பட்டுக்கிட்டே இருந்தா, காத்து பலமா அடிக்குதுன்னு நினைச்சுக்கும். நெட்டையா வளர்ந்தா ஒடிஞ்சிடுவோம்னு உயரத்தைக் குறைச்சு, தண்டைத் தடியாக்கிக்கும்.

— அடேங்கப்பா! இதுல கால்வாசி புத்தி உன் புருஷனுக்கு இருந்திருக்கலாம்.

— அவரை ஏன் இழுக்கறீங்க? ஐயோ, பார்த்து ஊத்துங்க மாமா, பாதி டீ மேஜைக்குத்தான் போகுது.

— பேச்சு சுவாரசியத்துல ஊத்திட்டேன், விடு.

— இங்க பாருங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்துல வளர்ற நாத்து. இந்தப் பக்கம் எதுவுமே படக் கூடாத நாத்து. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்கத்தான் இத்தனை வாரமா உயிரை விடறேன். இப்ப இந்தப் பக்கம் ஓரத்து வரிசை மட்டும் குட்டையா குண்டா நிக்குது. நாளைக்கு என் ஆராய்ச்சிக்கு கைடா இருக்கிற மேடம் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?

— மாமனார் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டார்னு சொல்லு.

— அப்ப நீங்கதானா!

— போறப்ப வர்றப்ப கை பட்டிருக்கும்மா. அதுக்கு இப்படியா கண்ணைக் கசக்குவே?

— மறுபடி விதை போட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் மாமா. இதுக்குத்தான் கதவுல அவ்வளவு பெரிய போர்டு மாட்டினேன். பார்த்தீங்களா இல்லையா?

— பார்க்காம என்ன? காலமெல்லாம் பஸ் ஓட்டின கண்ணு இது. முத்து முத்தான எழுத்து. என் மருமக கையெழுத்தாச்சே!

— போர்டுல எழுத்தே கிடையாது. ஒரு கையை வரைஞ்சு, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கேன்.

— ஓ.

— திருட்டு முழி முழிக்கறதைப் பாரு! பார்க்காமலே என்னமா புளுகறீங்க! போகட்டும், உங்க மேல கோவப்பட எனக்கு வராது. நாளைலேர்ந்து ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நடந்து வாங்க. ஃபிளாஸ்க்கைத் தோள்ல மாட்டிக்கலாம்.

— அப்படின்னா நாளைலேர்ந்து டீ வராதும்மா.

— அட, இதுக்குப் போய்க் கோவமா?

— கோவம் இல்லம்மாடி. தெரு பழகின தெரு, கால் தானா கொண்டுவந்து விட்டுடுது. உள்ள வந்தாதான் எல்லாம் ஒரே புகைமூட்டமா இருக்கு. அந்த வரிசையைத் தொட்டுக்கிட்டே வந்தாதான், நீ உட்கார்ந்திருக்கிற இடம் எனக்குத் தெரியுது.