மூணு மாடி நெருப்பு

— கண்ணுக்கே தெரியாத நெருப்பு! மூணு மாடி உயரம்! அதை ஒத்தைத் துடைப்பத்தை வச்சுப் பிடிச்சவன் நான். உலகத்துல ஹைட்ரஜன் ரயில் ஓட்டினவன் எவனாவது இதைச் செஞ்சிருக்கானா, கேட்டுச் சொல்லு பார்ப்போம்.

— கண்ணுக்குத் தெரியாத நெருப்போட உயரத்தை எப்படிப்பா அளந்தீங்க?

— அம்மாடி, பதினாலு வருஷத்துக்கு முன்னாடி விசாரணையிலயும் இதையேதான் கேட்டாங்க. கேட்டுட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. ஒருத்தருக்கு விக்கலே வந்துடுச்சு. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

— மாமா, நீங்களும் சிரிக்காதீங்க. நான் கூப்பிட்டது அதுக்கில்ல. முதல்ல உக்காருங்க.

— உக்காந்தா எந்திரிக்க நேரமாகும்மா. உங்கப்பா வாயைத் திறந்தாச்சு. உங்க அத்தை சாப்பாட்டுக்குள்ள வந்துடச் சொல்லியிருக்கா.

— என் தங்கச்சிகிட்ட நான் பேசிக்கறேன். நீ உக்காரு மாப்ளே. உனக்குத்தான் என் பொண்ணு டீ போட்டு வச்சிருக்கா. அப்ப நீ அந்த ரயில் ஷெட்டுக்கே போர்மேன், உனக்குத் தெரியாததா? அன்னிக்கு வண்டி நிக்குது. உள்ளே நானூறு பேரு.

— பதினேழு பேர். ரெக்கார்டுல இருக்கு.

— பதினேழு குடும்பம்னு வச்சுக்கோ.

— பதினேழு பேர் மச்சான். அதுல ஒண்ணு கைக்குழந்தை.

— கைக்குழந்தையை எண்ணத் தெரிஞ்ச ரெக்கார்டுக்கு நெருப்பு மட்டும் தெரியலை பாரேன்! சரி, கேளு. வண்டிக் கூரை மேல தொட்டி. தொட்டி நிறைய ஹைட்ரஜன். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. புகைக்குப் பதிலா கீழே தண்ணிதான் சொட்டும். அந்தத் தண்ணியில நான் ரெண்டு தடவை தலைக்குக் குளிச்சிருக்கேன்.

— ஒரு டம்ளர் பிடிச்சு முகம் கழுவினீங்க.

— ரெக்கார்டுல இருக்கா?

— நான் பார்த்தேன்.

— பார்த்தியா! நெருப்பு எரிஞ்சப்போ மட்டும் உன் கண்ணு எங்கே போச்சு மாப்ளே?

— அப்பா, போதும். ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. பதினோரு மணிக்கு என்னைக் கூட்டிப்போக ஷெட்டுல இருந்து ஜீப் வரும். புது ரயிலை டிரைவர் ஏத்துக்கிட்டதா இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். திங்கட்கிழமை முதல் ஓட்டம். நான்தான் ஓட்டறேன். இருநூறு பேரு. அப்பா, நிஜமாவே இருநூறு.

— சந்தோஷமா போட வேண்டியதுதானேம்மா. எத்தனையோ நாட்டுல இப்ப இது ஓட ஆரம்பிச்சாச்சு. நம்ம ஷெட்டுல முதல்ல ஓட்டப்போறது நம்ம வீட்டுப் பொண்ணுன்னா எங்களுக்கும் பெருமைதான்.

— முதல்ல ஓட்டினவன் இங்கே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்.

— நீங்க ஓட்டினது சோதனை ஓட்டம் மச்சான்.

— சோதனைதான். யாருக்குச் சோதனைங்கறதுதான் கேள்வி.

— மாமா, இந்த ஏழாவது வரியைப் படிங்க. “இந்த வகைக் குழாய் இணைப்பில் இதற்கு முன் கசிவு ஏற்பட்டதுண்டா?” பக்கத்துல “இல்லை”ன்னு அவங்களே டைப் அடிச்சு அனுப்பிட்டாங்க. ஆதாரம்னு போட்டிருக்கறது உங்க பழைய ரிப்போர்ட். கீழே உங்க கையெழுத்து.

— ஆமா. அது… ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தானே போடுவாங்க.

— நேத்து சோதனைக்காகத் தொட்டிக் குழாயைக் கழட்டினாங்க. ஒருதடவை கழட்டினா உள்ளே கசிவை அடைக்கற ரிங்கைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும். சட்டம் அதுதானே?

— அதுதான்.

— புது ரிங் இன்னும் வந்து சேரலை. பழசையே துணியால துடைச்சு மாட்டிட்டாங்க. நான் கேட்டேன். குழாய் மாட்டின பிட்டர் என்ன சொன்னார் தெரியுமா? “இது உங்க மாமா கைப்பக்குவம்மா. அவர் காலத்துலயே துடைச்சுத் துடைச்சுத்தான் போட்டார். ஒரு பொட்டு கசிஞ்சதில்ல. வேணும்னா ரிப்போர்ட்டைப் பாரு”ன்னார்.

— டீ சுடுது. ஆறட்டும்.

— ஆறி ஆடை படிஞ்சு கிடக்கு மாமா.

— விடுடி அவனை. கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதான். கசிவு உண்டுன்னு எழுது. சொன்னது யாருன்னு கேட்டா எங்கப்பான்னு சொல்லு. நான் வந்து சொல்றேன். அன்னிக்கு ஆகாயத்துல போன பறவையெல்லாம் வழி மாறிப் போச்சு…

— அப்பா! இப்படி நீங்க சொன்னதாலதான் உங்க வார்த்தை அங்கே செல்லாது. விசாரணையிலேயே தள்ளிட்டாங்க. நான் போய் அதையே சொன்னா, ஸ்கூல்ல கூப்பிட்ட மாதிரி ஷெட்டுலயும் என்னைத் துடைப்பம்னு கூப்பிடுவாங்க.

— ஸ்கூல்லயா? உன்னையா?

— மூணு வருஷம்.

— ஒரு நாள்கூட நீ வந்து சொல்லலையேடி.

— சொன்னா நீங்க அங்கே வந்து நின்னு, மூணு மாடி இல்ல, ஆறு மாடின்னு சொல்லியிருப்பீங்க.

— …ஆமா. சொல்லியிருப்பேன்.

— ஒரே ஒரு தடவை. கூட்டாம, குறைக்காம, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கப்பா. அன்னிக்கு என்ன ஆச்சு?

— கூரை மேல காத்து நெளிஞ்சுது. வெயில்ல தார் ரோட்டு மேல நெளியுமே, அப்படி. வேற ஒண்ணும் தெரியலை. ஹைட்ரஜன் எரிஞ்சா பகல்ல கண்ணுக்குத் தெரியாதுன்னு பயிற்சியில சொல்லியிருந்தாங்க. ஒரு துடைப்பத்தை நீட்டிப் பாரு, அது பத்திக்கிச்சுன்னா அங்கே நெருப்பு இருக்குன்னும் சொல்லியிருந்தாங்க. பிளாட்பாரம் கூட்டற அம்மாகிட்ட நீளக் கம்புத் துடைப்பம் இருந்துச்சு. வாங்கி நீட்டினேன். நுனி பத்திக்கிச்சு. ஓடிப்போய் வால்வை மூடினேன். எல்லாரையும் இறக்கினேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— இதை இப்படியே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்களேப்பா! சின்னப் பிள்ளைகூட நம்பும். எஞ்சினை விட்டு இறக்கி யார்டுல பெட்டி கோக்க விட்டிருக்க மாட்டாங்க. சர்வீஸ்ல கடைசி நாலு வருஷம் மழையிலயும் வெயில்லயும்… ஏம்ப்பா?

— வாய்க்கொழுப்பு. வேற என்ன? உங்கம்மாவைக் கேளு, பொண்ணு பார்க்கப் போனப்பவே ஏழு பாஷை தெரியும்னு சொன்னவன் நான்.

— மச்சான்.

— நீ டீயைக் குடி மாப்ளே.

— கருகின துடைப்பம் எங்கேன்னு விசாரணையில கேட்டாங்களே, நீங்க என்ன சொன்னீங்க?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்க.

— எரிஞ்ச வேகத்துல பறந்து போய் மேகத்துல மறைஞ்சுடுச்சுன்னு சொன்னேன்.

— அப்பா! விசாரணையிலயா?

— விக்கல் வந்தது அப்பதான்.

— அது மேகத்துக்குப் போகலைம்மா. ஷெட்டுல என் ரூம்ல பீரோவுக்குப் பின்னாடி இருந்துச்சு. மறுநாள் நான்தான் அங்கே கொண்டுபோய் வச்சேன். மச்சான், நான் அதை ஒளிச்சு வைக்கும்போது கதவுகிட்ட நீங்க நின்னீங்க.

— நான் எங்கே நின்னேன்?

— தரையில நிழல் விழுந்துச்சு. இத்தனை வருஷமா நீங்க வந்து கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க என் வீட்டுக்கு வந்தா குழந்தைங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லுவீங்க, அதுங்க சிரிக்கும், நானும் கூடச் சிரிப்பேன்.

— என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? எனக்கு ஒண்ணுதான் வேணும். கசிவு உண்டா, இல்லையா? உண்டுன்னா அந்தப் பழைய ரிங்கைக் கழட்டாம வண்டி நகராது. நகர விடமாட்டேன். இல்லேன்னா, பழைய ரிங்னு நான் சொன்னாலும், கசிஞ்சதே இல்லன்னு மாமா ரிப்போர்ட்டைக் காட்டிடுவாங்க. மறுத்தா என்னை இறக்கிட்டு வேற ஆளை ஏத்துவாங்க. அவனும் அந்த ரிங்கோடதான் போவான்.

— அம்மாடி, நான் சொல்றேன் கேளு. மூணு மாடி இல்ல, உண்மையில அஞ்சு மாடி…

— வேணாம் மச்சான். இனிமே உயர்த்தாதீங்க.

— நீ சும்மா இரு மாப்ளே. ரிட்டயராகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை. பென்ஷன்ல கை வச்சுடுவாங்க. என் தங்கச்சி முகத்தை நான் எப்படிப் பார்க்கறது?

— அவ முகத்தைத்தான் நானும் பதினாலு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். எங்கண்ணனுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சுன்னு மாசத்துக்கு ஒருதடவையாவது என்கிட்டயே கேக்கறா.

— ஹாரன் அடிக்குது. ஷெட் ஜீப் வந்துடுச்சு. மாமா, எனக்கு நேரமில்ல.

— வெளியே போய், ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லிட்டு வாம்மா. இல்ல, வேணாம். நீ போயிட்டு வர்றதுக்குள்ள உங்கப்பா என் வாயை அடைச்சுடுவார். இங்கேயே இரு. பேனாவை எடு.

— மாப்ளே, வேணாம்டா.

— ஏழாவது வரியில “இல்லை”யை அடிச்சுட்டு “உண்டு”ன்னு எழுது. பக்கத்துல என் பேரை எழுது, நான் கையெழுத்துப் போடறேன். யார் கேட்டாலும் வந்து சொல்றேன்.

— மாமா… அப்போ அது நிஜமாவே நடந்துச்சா?

— நடந்துச்சும்மா. புது ரிங்னு எழுதிட்டு நான் துடைச்சு மாட்டின பழைய ரிங்ல ஒரு சாண் நெருப்பு எரிஞ்சுச்சு. அதை மூணு மாடின்னு உங்கப்பா சொன்னது, யாருமே நம்பக்கூடாதுன்னுதான்.