ஒரு பஸ் நிறைய சிபாரிசு

அமைதியே அணியாக அமர்ந்து இந்த அவையை நடத்தும் தலைவர் அய்யாசாமி அவர்களே, வயலில் வேலை முடித்த கையோடு வந்து, வரப்பில் உட்காருவதைப் போல வசதியாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, இடுப்பிலே பிள்ளையும் இமையிலே தூக்கமுமாக இருந்தும் எழுந்து போகாமல் எனக்கு மரியாதை செய்யும் தாய்மார்களே, பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் இளைஞர்களே, பாடத்தைவிடப் பரீட்சைக்கும், பரீட்சையைவிடப் பதவிக்கும் பயந்துகொண்டிருக்கும் மருத்துவக் கல்லூரி மாணவ மாணவிகளே, இந்த விழாவின் நாயகியாக முதல் வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் தாட்சாயிணி அம்மையே, உங்கள் அனைவருக்கும் என் உள்ளம் நிறைந்த வணக்கம்.

நான் அயலூர்க்காரி அல்ல. ஆவடிப் பக்கம் சேக்காட்டில் பிறந்த பொன்னம்மாள். பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறேன். திருமழிசை வாசகசாலையார் என்னை அழைத்து, "வைத்திய மாணவர்கள் ஹவுஸ் சர்ஜன் இடத்தை நாடும் முறை" என்று என்னைக் கேட்காமலேயே தலைப்பை நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் தாய்மார்கள் பலர், அது என்ன சர்ஜன் என்று முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பட்டம் வாங்கிய பிள்ளைகள் ஒரு பெரிய டாக்டரின் கீழே, ஆஸ்பத்திரியிலேயே தங்கி, இரவென்றும் பகலென்றும் பாராமல் வேலை பழகும் இடம் அது. படித்தவர் அங்கேதான் வைத்தியராகிறார். அங்கே சரியாகப் பழகாதவர் பிறகு எங்கேயும் பழகப்போவதில்லை.

சாயங்காலம் நான் வந்து இறங்கியபோது குளக்கரையில் ஒரு பஸ் நின்றது. முன்னால் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியைச் சுற்றி மாவிலைத் தோரணம், உள்ளே பாதி இடத்தில் பழக்கூடை. யாருக்குக் கல்யாணம் என்று டிரைவரைக் கேட்டேன். அவர் சொன்னார்: "கண்ணாலம் இல்ல டாக்டரம்மா. நம்ம உலகநாதன் பொண்ணு நாளிக்கி டாக்டரு வேல கேக்கப் போவுது. அதான் ஊரே கூடப் போவுது."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. நாளைக்குப் பட்டணத்தில் தாட்சாயிணிக்குத் தேர்வு. எந்த வார்டு வேண்டும் என்று கேட்பார்கள். சொன்ன வார்டுக்குப் பொருந்துவாளா என்று பார்ப்பார்கள். அதற்கு முன்னால், காலையிலேயே, பெரிய சர்ஜன் துரையின் பங்களா வாசலில் போய் இறங்குவது, மாலை போடுவது, பழத்தை வைப்பது, "எங்க பொண்ண உங்க வார்டுல சேத்துக்கணும்" என்று எல்லோருமாகக் கும்பிடுவது. இதுதான் உலகநாதன் அண்ணா போட்டிருக்கும் திட்டம். நாகஸ்வரமும் உண்டாமே? உண்டா அண்ணா? தலையை ஆட்டுகிறார். தவிலுக்குத் தனியாக ஒரு சீட்டு ஒதுக்கியிருக்கிறாராம்.

சிரிக்காதீர்கள். நான் கேலி செய்ய வரவில்லை. தன் ஊரில் ஒரு பெண் டாக்டராகிறாள் என்று அறுப்பையும் விட்டுவிட்டு ஒரு பஸ் நிறைய ஜனம் கிளம்புகிறதே, அந்த அன்பை எந்தப் பட்டணத்தில் போய்த் தேடுவது? தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் கேட்கிறேன். அன்பு பெரிதாக இருந்தால் போதுமா? அது போய் இறங்கும் இடமும் சரியாக இருக்க வேண்டாமா?

அங்கே யாரோ எழுந்திருக்கிறார். துலுக்கானமா? சொல்லுங்கள். "இன்னா டாக்டரம்மா, நாலு பேரு கூடப் போனாத்தானே ஒரு மருவாதி கீது?" என்கிறார். நியாயமான கேள்வி. பெண் கேட்கப் போகிறீர்களா, நாலு பேர் போனால் மரியாதை. பஞ்சாயத்துக்குப் போகிறீர்களா, நாலு பேர் போனால் பலம். வேலை பழக இடம் கேட்கப் போகிறீர்களா? அதற்குத்தான் பாடி கிராமத்து வீரராகவன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உட்காருங்கள்.

வீரராகவன் மெடல் வாங்கிய பையன். எங்கள் ஆஸ்பத்திரியில் இடம் கேட்டு வந்தான். அப்பா, அம்மா, தாய்மாமன் மூவரும் கூட வந்தார்கள். ஒரு பலாப்பழமும் வந்தது. எங்கள் பெரிய டாக்டர் அதிகம் பேசாதவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அவ்வளவுதான். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, எங்கள் வார்டு உனக்கு எதற்கு?" என்றார். அப்பா சொன்னார்: "நல்ல வார்டுன்னு எல்லாரும் சொல்றாங்க சார்." "ராத்திரியெல்லாம் கண் விழிக்க வேண்டுமே?" என்றார். அம்மா சொன்னார்: "அவனுக்கு சின்னதுலேர்ந்தே தூக்கம் கம்மி சார்." கடைசியாக, "இரத்த வாந்தியோடு ஒருவர் வருகிறார், முதலில் என்ன செய்வாய்?" என்றார். பையன் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "எங்க பையனாண்ட உட்டுட்டு நீங்க நிம்மதியா இருங்க சார்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூன்று பேருமே பதில் சொன்னீர்கள். மூவரில் யாரை எடுத்துக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றார். அவ்வளவுதான் தேர்வு. பலாப்பழம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அந்தப் பையன் முகத்தை நான் பார்த்தேன், பாவமாக இருந்தது. அறிவுள்ளவன், அன்புள்ளவர்களால் ஊமையானான்.

அடுத்த தடவை இடம் காலியானபோது அவன் தனியாக வந்தான். சுருங்கிய சட்டை, பஸ்ஸில் நசுங்கிய தலைமுடி, கையில் ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் வேண்டுமென்றே கடினமாக ஒன்று கேட்டார். எனக்கே விடை சட்டென்று தோன்றவில்லை. வீரராகவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியாது ஐயா" என்றான். "தெரியாவிட்டால்?" என்றார். "தெரிந்தவரைக் கூப்பிடுவேன். அவர் வரும்வரை நோயாளியை விட்டு நகரமாட்டேன்" என்றான். "திங்கட்கிழமை வந்துவிடு" என்றார் எங்கள் பெரிய டாக்டர்.

மாணவர்களே, எண்ணிப் பாருங்கள். மெடல் தராத இடத்தை எது தந்தது? மாமா தராத இடத்தை எது தந்தது? தெரியாது என்ற ஒரு சொல் தந்தது. தெரியாததைத் தெரியாது என்பவனை நம்பி உயிரை ஒப்படைக்கலாம். தெரியாததைத் தெரியும் என்பவனை நம்பி ஓர் ஊறுகாய் ஜாடியைக்கூட ஒப்படைக்கக் கூடாது.

இன்னொரு பிள்ளை இருந்தான். பெயர் வேண்டாம், அவன் மாமனார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். ஜுர வார்டுக்குப் போய், "சின்ன வயதிலிருந்தே ஜுர வார்டுதான் என் கனவு" என்றான். கண் வார்டுக்குப் போய், "சின்ன வயதிலிருந்தே கண்தான்" என்றான். எலும்பு வார்டிலும் அதையே சொன்னான். மூன்று வார்டு டாக்டர்களும் தினமும் ஒரே மேஜையில் டீ குடிப்பவர்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மூவரும் சிரித்து முடித்தபோது டீ ஆறிப்போயிருந்தது.

ஆகவே என் அருமை மாணவ மணிகளே, பங்களாவைத் தேடாதீர்கள், படுக்கைகளைத் தேடுங்கள். இடம் கேட்பதற்கு முன் ஒரு நாள் அந்த வார்டுக்குப் போய்ச் சும்மா நில்லுங்கள். யார் வருகிறார்கள், யார் காத்திருக்கிறார்கள், யார் கத்துகிறார்கள் என்று பாருங்கள். இப்போது அங்கே ஹவுஸ் சர்ஜனாக இருப்பவரைத் தேடிப் பிடித்து, "உங்களுக்கு இங்கே எது கஷ்டம்?" என்று கேளுங்கள். பெரிய டாக்டர் தன் வார்டைப் புகழ்வார். அதில் அடிபடும் பிள்ளைதான் உண்மை சொல்லும். இந்த இடம் எனக்கு ஏன் வேண்டும் என்று உங்கள் வாயால், உங்கள் வார்த்தையில், ஒரு வரியில் சொல்லத் தெரிந்தால் போதும். பழம் வேண்டாம், பட்டு வேண்டாம், பஸ் வேண்டாம்.

உலகநாதன் அண்ணாவின் முகம் சுருங்குகிறது. அண்ணா, கோபம் வேண்டாம். இங்கேயே ஒத்திகை பார்த்துவிடலாம். தாட்சாயிணி, எழுந்து நில் அம்மா. நாளைக்குக் கேட்கப்போவதை நான் இன்றைக்கே கேட்கிறேன். சர்ஜன் துரையின் வார்டு உனக்கு ஏன் வேண்டும்?

பார்த்தீர்களா, உலகநாதன் அண்ணா எழுந்துவிட்டார். "நான் சொல்றேன் டாக்டரம்மா, அதான் பெரிய வார்டு" என்கிறார். அண்ணா, இடம் உங்களுக்கா, உங்கள் பெண்ணுக்கா? நீங்கள் உட்காருங்கள். யாரும் சிரிக்க வேண்டாம். நீ சொல் அம்மா, அவசரமில்லை.

என்ன? உரக்கச் சொல். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. நானே திருப்பிச் சொல்கிறேன். "எனக்கு அந்த வார்டு வேணாம். பிரசவ வார்டுதான் வேணும்" என்கிறாள். "ஏன்?" என்று கேட்டதற்கு, "அங்க கூப்பிட்டா வராங்க டாக்டரம்மா" என்கிறாள்.

கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவள் பேசட்டும். போன வாரமே இவள் யாருக்கும் சொல்லாமல், நாளைக்குத் தேர்வு நடக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். முதலில் பெரிய சர்ஜன் வார்டில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனைப் பிடித்து, "உங்களுக்கு ஒண்ணு தெரியலன்னா யாரைக் கூப்பிடுவீங்க? கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, "இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் காலையில் திட்டு விழும்" என்றாராம். பிறகு பிரசவ வார்டில் டாக்டர் பேபி என்ற பெண்ணிடம் அதையே கேட்டிருக்கிறாள். அந்தப் பெண், "எங்கள் பெரிய டாக்டரம்மா தலைகூட வாராமல் வருவார். வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவார். ஆனால் வருவார்" என்றாளாம்.

ஐயன்மீர், இத்தனை வருஷம் டாக்டராக இருந்து, இடம் கொடுக்கும் மேஜையிலும் உட்கார்ந்து, இந்தக் கேள்வியை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. தெரியாவிட்டால் கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்தேன். கூப்பிட்டால் வருவார்களா என்று பார்த்துப் போ என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த மேடைக்கு நான் கொண்டுவந்த பேச்சைவிடப் பெரிய பேச்சு முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறது. இந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோன்றியது அம்மா?

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். அவள் அம்மா முத்தம்மாள் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அக்கா, நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

"அவ அக்கா அங்கம்மாவ வேறொரு ஆஸ்பத்திரிக்கித்தான் பிரசவத்துக்குக் கொண்டு போனோம். ஞாயித்துக்கெழம மத்தியானம். சின்ன டாக்டரு புள்ள ஒருத்தன்தான் இருந்தான். ரத்தம் நிக்கல. பெரியவங்களுக்குச் சொல்லி அனுப்பிச்சான், மறுபடியும் சொல்லி அனுப்பிச்சான். ஒருத்தரும் வர்ல. அந்தப் புள்ள அழுதுகினே நின்னான். இவ அப்போ பள்ளிக்கூடம் போற பொண்ணு. எங்கூடத்தான் வராந்தால நின்னுகினு இருந்தா."

ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் இன்று தெரிந்தது. முத்தம்மாள் அக்கா, உங்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். தாட்சாயிணி, இதை ஏன் அம்மா வீட்டில் சொல்லவில்லை? "நைனா பஸ்ஸு பேசிட்டாரு. ஊரே சந்தோசமா கீது. எப்பிடிச் சொல்றது?" என்கிறாள்.

உலகநாதன் அண்ணா மறுபடியும் எழுந்திருக்கிறார். இந்த முறை நான் தடுக்கமாட்டேன். "பிரசவ வார்டுக்கே போவட்டும் டாக்டரம்மா. அவ வாயாலயே கேக்கட்டும். நான் வர்ல" என்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். அண்ணா, சர்ஜன் துரைக்கு என்று கட்டி வைத்திருக்கும் மாலையை நியாயமாக உங்களுக்குத்தான் போட வேண்டும்.

பஸ் என்ன ஆவது என்று துலுக்கானம் கேட்கிறார். பஸ் போகட்டுமே. ஆஸ்பத்திரி வாசலில் தாட்சாயிணியை மட்டும் இறக்கிவிடுங்கள். அங்கே நாகஸ்வரம் மூச்சு விடக் கூடாது. அப்படியே நேராகக் கடற்கரைக்குப் போங்கள். இங்கே இருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் சமுத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். அதுதான் நினைத்தேன். பழக்கூடையை மணலில் பிரித்து வைத்துச் சாப்பிடுங்கள். சாயங்காலம் திரும்பும்போது அவளை ஏற்றிக்கொண்டு வாருங்கள். இடம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அதே தோரணத்தோடு அழைத்து வாருங்கள்.

நான் முடிக்கப் பார்க்கிறேன், முத்தம்மாள் அக்கா இன்னும் உட்காரவில்லை. மகளைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அதையும் சொல்லிவிட்டுப் போகிறேன். "நீயும் ஒரு நாளு பெரிய டாக்டராவே. அப்போ ஒரு சின்னப் புள்ள தெரியாம ஒன்னக் கூப்புடும். திட்டிகினே போனாலும் போ. போவாம மட்டும் இருந்துடாதே."

இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். மாணவர்களே, இடம் தேடும் முறையைச் சொல்ல வந்தேன். இடம் கிடைத்த பிறகு இருக்கும் முறையை ஒரு தாய் சொல்லிவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இந்த மேடையைத் தந்த வாசகசாலையாருக்கும், தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. காலையில் பஸ் சீக்கிரம் கிளம்புகிறது; பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். தாட்சாயிணி, போய் வா அம்மா. எல்லோருக்கும் என் வணக்கம்.