மூலவர் கேசட்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது மேடம், இஞ்சிதான் கொஞ்சம் கம்மி.

நான் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் செல்போனில் ஆடுகிற காலத்தில் இது எதற்கு என்பார்கள். பக்தி இல்லாதவர்கள், விட்டுவிடுங்கள். பாதையைப் பார்த்த அறையில், நின்றுகொண்டு ஆடும் பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் கேசட் மூலவர். இடத்தை விட்டு அசையக் கூடாது. அதே சண்டை விளையாட்டு வீட்டு டிவி மிஷினுக்கும் தனிக் கேசட்டாக வந்தது. அது உற்சவர். வெளியே எடுத்துப்போகலாம், பிள்ளைகள் தொடலாம். இரண்டிலும் இருப்பது ஒருவர்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது, செருகும் வாயே வேறு.

என் மனைவி சந்திரகலாவின் தம்பி அருண்பிரசாத்துக்கு இது ஏறவில்லை. உற்சவரை எங்கேயோ தொலைத்துவிட்டு, மூலவரைப் பெட்டியிலிருந்து கழற்றி, கையில் அரத்தோடு நின்றான்.

“ரெண்டுலயும் ஒரே கேம்தானே மாமா. சைடுல கொஞ்சம் ராவிட்டா வீட்டு மிஷின்லயே போயிடும்.”

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கை ஓங்கவில்லை. மூலவரை வாங்கி அவருடைய இடத்தில் வைத்தேன். அவனை அங்கேயே உட்கார்ந்து யோசிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து ஷட்டரை இறக்கினேன். பூட்டினேன் என்று எழுதாதீர்கள் மேடம். நடை சாத்தினேன்.

அன்று பௌர்ணமி. அவன் கத்தியதில் தப்பில்லை, உள்ளே தண்ணீர் இல்லை. “அண்ணாமலையாரே, காப்பாத்துப்பா” என்று ஷட்டரைத் தட்டினான். நடந்துபோன கூட்டம் “அரோகரா” என்றது. அவன் இன்னும் பலமாகக் கத்தினான். அவர்களும் விடவில்லை. ஒரு அம்மாள் ஷட்டர் முன்னால் கற்பூரமே ஏற்றிவிட்டார்.

“உள்ள யாருங்க?” என்று என்னைக் கேட்டார்.

மச்சான் என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, மனசு வரவில்லை.

“தவத்துல இருக்காருங்க” என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் மாலையும் பழமுமாக வர ஆரம்பித்தார்கள். தம்பியைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்த சந்திரகலாவும் வந்து நெற்றியை ஷட்டரில் வைத்து வேண்டிக்கொண்டாள். அதற்குள் அவனுக்குக் குரல் போயிருந்தது. உள்ளிருந்து லேசாக ஒரு தட்டல் மட்டும் கேட்டது.

“சாமி உத்தரவு குடுத்துட்டாருங்க. தம்பி வந்துடுவான்” என்றாள். அன்றைக்குத்தான் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தட்டலும் நின்றது. ஜீவசமாதி ஆகிவிட்டார் என்று எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் மட்டும் அதை நம்பவில்லை. நாற்றம் வருகிறது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை மாலை அழுகினால் நாறத்தான் செய்யும்.

பையன் திருந்திவிட்டான் மேடம், அதனால்தான் சத்தமில்லை. திறந்ததும் அவனைத் திட்டாதீர்கள். மூலவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள், வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறேன்.