ஒரு யூரோ கம்மி

மாலக்கி: இறங்கு மச்சான்.

கோல்மன்: மழை விடட்டும்.

மாலக்கி: இந்த கார்க் ஊர்ல மழை விடட்டும்னு உக்காந்திருந்தா, நான் உன் தங்கச்சியக் கட்டியிருக்கவே முடியாது. இறங்கு. ஏர்போர்ட்டுக்குள்ள உன் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் கேக் வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

கோல்மன்: அதான் இறங்க முடியல... கம்பெனியோட கடைசி விமானம் வந்து இறங்குது. அதுக்கு எதுக்குக் கேக்கு?

மாலக்கி: செத்த வீட்டுல சாண்ட்விச்சும் டீயும் குடுக்கறதில்லையா? அந்த மாதிரிதான்.

கோல்மன்: நோரீன் என் முகத்தைப் பார்ப்பா.

மாலக்கி: பார்த்தா என்ன? பார்க்க முடியாத அளவுக்கு ஒண்ணும் இல்லையே உன் முகம்.

கோல்மன்: விளையாடாத. கவுண்டர்ல நிக்கிற பொண்ணு. வீடு வாங்கலாமா, கம்பெனி நிக்குமான்னு என்னைத்தான் கேட்டா. நிக்கும், வாங்குன்னு சொன்னேன்.

மாலக்கி: சரி, சொன்ன. அதுக்காக நீயா கம்பெனியக் கவுத்த? உங்க முதலாளி கோட்டர்கிட்ட இருந்தது ரெண்டே விமானம். நான் வேலை பார்க்கிற கம்பெனிகிட்ட எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியாது. பழிய எங்க மேல போடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.

கோல்மன்: சண்டை போட்டுத் தோத்திருந்தா பரவாயில்ல மச்சான்... அன்னிக்குக் காலைல பேப்பரைப் பிரிக்கிறேன். எங்க விளம்பரம், பிரிஸ்டலுக்கு டிக்கெட் முப்பத்தொன்பது யூரோ. பக்கத்தத் திருப்பினா உங்க விளம்பரம். அதே பிரிஸ்டல். முப்பத்தெட்டு.

மாலக்கி: ம்...

கோல்மன்: அதுவரைக்கும் பிரிஸ்டல் பக்கம் நீங்க எட்டிக்கூடப் பார்த்ததில்ல.

மாலக்கி: ஊருக்கு லாபம்தானே...

கோல்மன்: ஊருக்கென்ன, கொண்டாட்டம். நாங்க இறக்க, நீங்க இறக்க, கடைசில பஸ் டிக்கெட்ட விட மலிவாப் போச்சு. பெர்னி அத்தைகூட பிரிஸ்டல் போய் செருப்பு வாங்கிட்டு வந்தா.

மாலக்கி: உங்க விமானத்துலதானே?

கோல்மன்: உங்க விமானத்துல. ஒரு யூரோ கம்மியாம்.

மாலக்கி: சிரிக்காத... இல்ல, சிரி. அழுதா அதைவிட மோசம்.

கோல்மன்: இனிமே எவ்வளவு போடப் போறீங்க? நாங்கதான் இல்லையே.

மாலக்கி: அத எங்கிட்டக் கேக்காத.

கோல்மன்: சொல்லு.

மாலக்கி: ...நூத்திப் பத்து.

கோல்மன்: நெனச்சேன்.

மாலக்கி: அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க முதலாளி. இந்தப் பக்கம்தான் பார்க்கிறாரு.

கோல்மன்: குனி.

மாலக்கி: என்னது?

கோல்மன்: குனிடா... கோட்டர் கண்ணுல பட்டுடப் போறோம்.

மாலக்கி: ரெண்டு பேருக்கும் நரைச்சிருச்சு. கார்ல குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கோம். உன் தங்கச்சி நெஸ்ஸா பார்த்தா...

கோல்மன்: போயிட்டாரா?

மாலக்கி: போயிட்டாரு. நிமிரு. அவருகிட்ட என்ன பயம் உனக்கு? திட்டினாரா?

கோல்மன்: திட்டலையே. முன்கூட்டியே அந்த விலை தெரிஞ்சவங்க அவரு, அவரு சம்சாரம், நான். விளம்பரம் வந்த அன்னிக்கு மத்தியானம் அவரே டீ எடுத்துக்கிட்டு என் மேஜைக்கு வந்தாரு. அச்சகத்துல எவனோ சொல்லியிருப்பான், நீ மனசப் போட்டு வருத்திக்காதன்னுட்டுப் போனாரு. ஆறிப்போற வரைக்கும் அந்த டீயப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மாலக்கி: மச்சான்...

கோல்மன்: என்ன?

மாலக்கி: அந்த விளம்பரத்துக்கு முன்னாடி, தர்லஸ்ல ஹர்லிங் மேட்ச் பார்த்துட்டுத் திரும்பினோமே... நான் ஓட்டிக்கிட்டு வந்தேன். நீ பீர் வாடையோட பக்கத்துல சாஞ்சு கிடந்த.

கோல்மன்: ஆமா.

மாலக்கி: அப்ப சொன்ன. பிரிஸ்டல், முப்பத்தொன்பதுன்னு. போதையில உளறுறன்னு நெனச்சேன்.

கோல்மன்: மழை குறைஞ்ச மாதிரி இருக்கு.

மாலக்கி: பேச்ச மாத்தாத, என்னை முடிக்க விடு. மறுநாள் காலைல எங்க பெரியவர்கிட்டப் போய்ச் சொன்னேன். பேச்சுவாக்குல வந்துருச்சுன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்... பொய். கதவத் தட்டி, உள்ள போய், உக்காந்து சொன்னேன்.

கோல்மன்: உக்காந்து சொன்ன. அப்புறம்?

மாலக்கி: எனக்கு இந்த மேனேஜர் நாற்காலி அப்படி வந்ததுதான். நெஸ்ஸாவுக்குத் தெரியாது. ஆட்டுக்கறி வறுத்து விருந்து வெச்சா. நீ வந்து என் கையப் பிடிச்சு வாழ்த்தின. அன்னிக்கு எனக்குத் தொண்டைல எதுவும் இறங்கல.

கோல்மன்: நல்லாத்தான் சாப்பிட்ட.

மாலக்கி: உனக்கு... கோவம் வரலையா?

கோல்மன்: கதவ ஏன் திறக்கற?

மாலக்கி: உள்ள போறேன். கோட்டர்கிட்டச் சொல்றேன். உங்க ஆள் வாய் தவறிச் சொன்னதை வித்தவன் நான்தான்னு. நோரீனும் கேக்கட்டும். அப்புறம் நீ தலை நிமிந்து கேக் சாப்பிடலாம்.

கோல்மன்: வேண்டாம். மூடு கதவ.

மாலக்கி: விடு கைய. இத்தனை நாள் இந்தக் கவலைய உன்னைத் தின்ன விட்டதே போதும்.

கோல்மன்: மூடுன்னு சொல்றேன் இல்ல... பதவிக்கு நாய் மாதிரி அலைஞ்சவன் நீ. உன் கையில என்ன குடுத்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாதா?

மாலக்கி: என்ன சொல்ற? நீதான் குடிச்சிருந்தியே...

கோல்மன்: ஒரு கிளாஸ். அதுல பாதி. இந்தக் கம்பெனி தாங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும் மச்சான். நீ மேல போனா என்னையும் உங்க கம்பெனிக்குக் கூட்டிக்குவன்னு நெனச்சேன். தூங்கற மாதிரி சாஞ்சுக்கிட்டு, உனக்குக் கேக்கட்டும்னுதான் சொன்னேன்.