புளி போட்டுத் துலக்கிய கோதுகள்

— புளியோ? கோதுகளைப் புளி போட்டோ துலக்கினனீர்?

— ஆமா சிற்றம்பலம் அண்ணே. புளி, கொஞ்சம் உப்பு. வீட்ல குத்துவிளக்கை அப்படித்தான் தேய்ப்போம். இதுவும் பித்தளைதானேன்னு பார்கவி சொன்னா. பாருங்க, எப்படி மின்னுது!

— மின்னுது, மின்னுது. சாமியறையிலை வைச்சுக் கும்பிடும். இது சுட்டு முடிஞ்ச தோட்டாவின்ர வெறுங்கோது, கண்டீரோ. திரும்ப மருந்து அடைச்சுச் சுடவேணுமெண்டால் முதல் பார்க்கவேண்டியது அதின்ர ஊத்தையைத்தான். எங்கை கரி பிடிச்சிருக்கு, எங்கை வெளுத்திருக்கு எண்டு பார்த்தால் ஆற்றை துவக்கிலை சுட்டதெண்டே சொல்லிப்போடுவன். நீரும் மனிசியும் சேர்ந்து முகம் கழுவி, பவுடர் பூசிக் கொண்டுவந்திருக்கிறியள்.

— சாரி அண்ணே.

— வால்டோர்ஃப் ஊரிலை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருக்கிற ஆக்களுக்கு இதுதான் வருத்தம். எல்லாம் பளபளவெண்டு இருந்தால் காணும். போன வருசம் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் பார்க்க வந்த சனத்தோடை சனமா இந்தத் துவக்குச் சுடுற கழகத்துக்கை வந்தனீர், இன்னும் ஒண்டும் படிக்கேல்லை. மருந்து அடைக்கிறதுக்கு ஷைன் எடுத்தாச்சோ, வால்டோர்ஃப்?

— அண்ணே, என் பேரு நரசிம்மன்.

— தெரியும். தேறினாப் பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுறன்.

— அந்த ஷைன் லைசன்ஸுக்கு அடுத்த மாசம்தான் எக்ஸாம். அதுக்குள்ள கொஞ்சம் சேர்த்து வச்சுக்கலாம்னு பார்த்தேன். இதுல எது தேறும், எது தேறாதுன்னு நீங்க சொன்னா போதும்.

— எங்கையிருந்து பொறுக்கினது?

— இங்கதான். போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் போனப்புறம் சுடற மேடையைக் கூட்டினேன்ல, ஓரமா நிறைய உருண்டு கிடந்துச்சு.

— மற்றவன் மெண்டு துப்பினதை எடுத்து வாயிலை போடுற வேலை. என்னைப் பாரும், என்ர கோது ஒவ்வொண்டுக்கும் அடியிலை சிவப்புப் பேனையாலை ஒரு கோடு இழுத்து வைச்சிருக்கிறன். எங்கை கிடந்தாலும் என்ரதை நான் எடுப்பன். மற்ற டொச்சுக்காரருக்கு அந்த அறிவு இல்லை. எல்லாரும் ஒரே கொம்பனிச் சாமானை வாங்குவாங்கள், பிறகு என்ர, உன்ர எண்டு அடிபடுவாங்கள்.

— கோடா? சிவப்புக் கோடா அண்ணே?

— ஓம். ஏன், உமக்குச் சிவப்பு விளங்காதோ?

— இல்ல… சும்மா கேட்டேன். பக்கத்துல சத்தம் கேக்குதே, கஜந்தியா?

— வேறை ஆர்? வாற கிழமை போட்டி, காலமையிலையிருந்து சுடுறாள். சுடத் தெரியும், குனிஞ்சு பொறுக்கத் தெரியாது என்ர மகளுக்கு. பாதிக் கோதை விட்டிட்டு வருவாள். சரி, அந்த வளைச்ச கம்பியை எடும். நுனியை உள்ளுக்கை விட்டு, அடிப்பக்கச் சுவரைத் தடவும். பள்ளம் மாதிரித் தட்டுதோ?

— ஆமா, ஏதோ தடுக்குது.

— தகடு மெலிஞ்சுபோச்சு. அடுத்த சூட்டிலை அறுந்துபோம். எறியும். மற்றது?

— இதுலயும் தடுக்குது.

— எறியும். இதைக் கொண்டாரும். பாரும், கழுத்திலை மயிர் மாதிரி வெடிப்பு. கோதுக்கும் ஒரு ஆயுள் இருக்குதெல்லோ? இதை எத்தினை தரம் அடைச்சிருப்பான், பிசுனாரி! மருந்தும் அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கிறான். இல்லாட்டி இப்பிடி ஆகாது.

— நீங்க ஊர்ல இருந்தப்பவே துப்பாக்கி பழக்கமாண்ணே?

— துவக்கைக் கண்டு ஓடிவந்த ஆள் நான். இங்கை கடதாசிக்குச் சுடுறன். கடதாசி திருப்பிச் சுடாது. கதையை விட்டிட்டு அடுத்ததைத் தாரும்.

— இது ஓகேவா?

— எறியும். சீ! ஒண்டாவது உருப்படியோ? இது எங்கடை கழகத்துக் கிழவன் ஃபிஷரின்ர வேலையாத்தான் இருக்கும். தொப்பியிலை இறகு குத்தினால் எல்லாம் தெரியுமெண்டு நினைப்பு. இல்லாட்டி அந்தத் தபால்காரன். ரெண்டும் விசருகள்.

— அண்ணே, இது சுடும்போது அறுந்தா என்ன ஆகும்?

— நெருப்புக் காத்து பின்பக்கத்தாலை, சுடுற ஆளின்ர முகத்துக்கு வரும். கண் தப்பினால் கடவுள் புண்ணியம். இப்பிடி அடைக்கிறவன்ர ஷைனைப் பறிச்சுக் கிழிக்கவேணும். தனக்கு மட்டுமோ அடைக்கிறான்? பெண்டில் பிள்ளையளின்ர கையிலையும் குடுப்பானெல்லோ, இரக்கமில்லாத பிறவி! வாற கூட்டத்திலை எழும்பி நிண்டு கேக்கிறன், ஆற்றை கோது இது எண்டு.

— அண்ணே, கஜந்தியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாமா?

— ஏன்? சத்தம் தலையிடிக்குதோ? பஞ்சு தரட்டோ?

— அதுக்கில்லண்ணே. இப்ப அவ சுடறதும் போன ஞாயித்துக்கிழமை சுட்ட அதே செட்டா?

— அதேதான். அவள் பொறுக்கிக்கொண்டு வந்த பாதியைத் திரும்ப அடைச்சுக் குடுத்தனான். நல்ல கோது, எனக்கு எறிய மனமில்லை. என்ர கதை உமக்கென்னத்துக்கு? இந்த விசரன் ஆரெண்டு பிடிக்கிற வழியைச் சொல்லும். ஒரு அடையாளமும் இல்லாமல் துலக்கிப்போட்டு வந்து நிக்கிறீர்!

— திட்டாதீங்கண்ணே. நீங்க கோடுன்னு சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

— என்ன முணுமுணுப்பு? வாயைத் திறந்து சொல்லும்.

— எல்லாத்துலயும் அடியில சிவப்பா ஒரு கோடு இருந்துச்சுண்ணே. அழுக்குன்னு நினைச்சு பார்கவிதான் புளியைப் போட்டு அழுத்தித் தேய்ச்சா.

— நரசிம்மன், ஓடும்! ஓடிப்போய்ச் சூட்டை நிப்பாட்டுற அந்த மணியை அடியும்! காதை மூடிக்கொண்டு நிக்கிறாள் பிள்ளை, நான் எவ்வளவு கத்தினாலும் கேக்காது!